அம்மனுக்குச் சொல்லி வைத்த முடி

மகளுக்கு முடி கொட்டிப்போனபோது எங்கள் ஊரில் ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. வேறு ஊராக இருந்தால், பத்து வயதுப் பெண் ஒரு முடிகூட இல்லாமல் ஆட்டோவில் ஏறுவதை நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்து ஆட்டோக்காரரோ கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, "பாப்பாவுக்கு எங்க மொட்டை? சமயபுரமா, பழனியா?" என்று கேட்பார். சுற்றிலும் இத்தனை கோயில்கள் இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம்.

முதல் தடவை நான் வாயெடுப்பதற்குள் அவளே "சமயபுரம்" என்றாள். அடுத்த ஆட்டோவில் பழனி. அதற்கடுத்து குணசீலம். ஒருநாள் வேளாங்கண்ணி என்றுகூடச் சொன்னாள். அந்த ஆட்டோக்காரர், "சக்தியுள்ள மாதாவாச்சே" என்று பயபக்தியோடு தலையாட்டினார். பிறகு அவளுக்கே ஒரு யோசனை தோன்றி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் தலையில் சந்தனம் பூசிவிடச் சொன்னாள். சந்தனம் பூசிய தலையை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. புருவமும் கொட்டிய பிறகுதான் கொஞ்சம் சிக்கல் வந்தது. மளிகைக் கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "புருவத்தையும் சேர்த்தா வேண்டிக்கிட்டீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டார். "ஆமாங்க, அது தனி வேண்டுதல்" என்றாள் மகள்.

அவளுக்கு வந்தது தொடை எலும்பில் புற்றுநோய். ஆரம்பத்தில் விளையாடி விழுந்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கணவருக்குப் பொன்மலையில் ரயில்வே பணிமனையில் வேலை. நாங்கள் மூன்று பேரும் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நோய் வந்த வீடு என்று தெரிந்ததும், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் வராத சொந்தமெல்லாம் படியேறி வந்தது. எல்லோர் கையிலும் சாத்துக்குடி, எல்லோர் வாயிலும் ஒரு வைத்தியம். பப்பாளி இலைச் சாறு என்றார் ஒருவர். கழுதைப்பால் என்றார் இன்னொருவர். கழுதைக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டதற்கு, "மனசு வச்சா கிடைக்கும்மா" என்றார். என் மனசில்தான் ஏதோ குறை என்பதுபோல.

இவர்களில் விட்டுக்கொடுக்காமல் வந்துகொண்டே இருந்தவர் கணவரின் அக்கா. எனக்கு அண்ணி, மகளுக்கு அத்தை. முசிறிப் பக்கம் அவர்களுக்கு வாழைத் தோட்டம் உண்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பூவன் தாரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்வார். மூன்று பேர் ஒரு தாரைத் தின்று தீர்க்க முடியாது என்பதை அவருக்கு யாராலும் புரியவைக்க முடிந்ததில்லை. பாதித் தார் கீழ்வீட்டு மாமிக்குப் போகும். மாமிதான் வீட்டுச் சொந்தக்காரர். பதிலுக்கு அவர் துளசித் தீர்த்தம் கொடுத்து, "பெருமாள் கிருபையில எல்லாம் க்ஷேமமா ஆயிடும்" என்பார். மகள் தீர்த்தத்தைக் குடித்துவிட்டு, வாழைப்பழத்தைவிட இது தேவலாம் என்பாள்.

முடி கொட்டத் தொடங்கிய வாரம்தான் அண்ணி அந்த வேண்டுதலைச் செய்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து எங்கள் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, "குணமாகி முளைக்கிற முத முடி சமயபுரத்தாளுக்கு" என்று அறிவித்தார். அன்றோடு மீனும் கறியும் விட்டார். செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி. அந்த அன்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்பட இடமிருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த அன்று டாக்டர் எங்கள் இருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே ஊசி மருந்து ஏத்துறதுல பிரயோஜனம் இல்லைங்க. சில மாசம் இருக்கலாம். வலிக்கு மருந்து தரேன். பிள்ளைய வீட்ல வச்சு சந்தோஷமாப் பாத்துக்குங்க" என்றார். வலிக்கு எழுதிக் கொடுத்தார். சந்தோஷத்துக்கு ஒன்றும் எழுதித் தரவில்லை. வெளியே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகள், "என்ன சொன்னாங்க?" என்றாள். "இனிமே ஊசியே கிடையாதாம்" என்றார் கணவர், பரீட்சை தள்ளிப்போன செய்தியைச் சொல்வதுபோல. "ஹையா" என்றாள் அவள். பிறகு என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

சாயங்காலம் இவர் அக்காவுக்கும் போன் செய்து அதையேதான் சொன்னார். "ஊசியெல்லாம் நிறுத்திட்டாங்கக்கா." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மறுமுனையில் அண்ணி, "தாயே, மகமாயி!" என்று கத்தியது அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. இவர் அடுத்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தார், மூடினார், போனை என்னிடம் நீட்டினார். "அப்ப சரியாயிடுச்சாம்மா?" என்று அண்ணி அழுதுகொண்டே கேட்டார். அந்த அழுகையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. "ஆமாங்கண்ணி" என்றேன். மறுநாளே முசிறி முழுக்க என் மகளுக்குக் குணமாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் மட்டும்தான் ஆகவில்லை.

மருந்தை நிறுத்தினால் முடி முளைக்கும். யோசித்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும், நாங்கள் யோசிக்கவில்லை. முதலில் மண்டை முழுக்க ஒரு சாம்பல் நிழல் படர்ந்தது. பிறகு அது கருகருவென்று, முன்பு இல்லாத சுருட்டையோடு எழும்பியது. புருவம் வந்தது. வாந்தி நின்றதால் கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். மளிகைக் கடைக்காரர் அவளுக்கு மிட்டாய் கொடுத்தார். நோய் முற்ற முற்ற என் மகள் அழகாகிக்கொண்டே போனாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முன்பு அவளுக்கு இடுப்பு வரை முடி. ஸ்கூலுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்ட வேண்டும் என்பதால் தினமும் காலையில் எங்கள் வீட்டில் ஒரு யுத்தம் நடக்கும். இழுக்கிறீங்க, வலிக்குது, பாப் வெட்டி விடுங்க என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். அதே பிள்ளை இப்போது எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிக்கு முன்னால் போய், நெற்றி முடியைப் பிடித்து இழுத்து, அது எதுவரை வருகிறது என்று பார்ப்பாள். "அம்மா, கிளிப் நிக்குமா?" என்பாள். குத்திப் பார்ப்போம். வழுக்கி விழும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்பேன். வேறு எதையும் அவள் எங்களிடம் கேட்டதில்லை. வலி இருக்கிறதா என்றால்கூட, பரவாயில்லை என்றுதான் சொல்வாள்.

ஒருநாள் காலையில் கிளிப் நின்றது. தலையை ஆட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், விழவில்லை. அந்தக் காலோடு அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, மாமியிடம் காட்டிவிட்டு வந்தாள். "அடுத்தது குட்டிப் பின்னல்" என்றாள். முடி எவ்வளவு வேகத்தில் வளரும், டாக்டர் சொன்ன மாதங்களில் எவ்வளவு போய்விட்டது என்று என் மனசு கணக்குப் போடத் தொடங்கியது. வேண்டாம் என்றால் கேட்கிற மனசா அது.

அந்த வாரமே அண்ணி வந்தார். அவள் தலையைப் பார்த்ததும், தாரை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைக்குக் கார் சொல்லிடுறேன். முடி இறக்கி, மாவிளக்குப் போட்டுட்டு வந்துடலாம்" என்றார்.

மகளின் கை தானாகத் தலைக்குப் போனது. "வேண்டாங்க அத்தை."

"அப்படிச் சொல்லக் கூடாது சாமி. ஆத்தாகிட்ட சொன்னது. சொன்னதைச் செய்யலன்னா திரும்ப வந்துடும்."

திரும்பி வருவதற்கு அது எங்கே போயிருந்தது என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அண்ணி பஸ் ஏறிப் போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க அக்காகிட்ட முடி எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்னு கேப்பாங்களே."

ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு பதில். அதைச் சொன்னால் அண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழுவார். அழுதால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை நாடகமும். ஆக, உண்மை தெரியாமல் அவள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால், அவள் ஆசையாக வளர்க்கும் முடியை நாங்களே பிடித்துக்கொடுக்க வேண்டும். படித்த இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி இதுதான்.

"முடிதானே, மறுபடி வளரும்" என்றார் கணவர். சொன்னபிறகு என் பக்கம் திரும்பவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். சற்று முன்புதான் குளித்திருந்தார்.

சமயபுரத்தாள் வருஷா வருஷம் மாசி பங்குனியில் தன் பிள்ளைகளுக்காகத் தானே பட்டினி கிடக்கிற அம்மன். இந்த விரலளவு முடியைக் கொஞ்ச நாள் விட்டுவை என்று கேட்டால் மாட்டேன் என்றா சொல்வாள்? அலமாரிக்கு முன்னால் நின்று கேட்டும் விட்டேன். அம்மனிடம் பேசுவது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது, அண்ணியிடம் பேசத்தான் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கார் வாசலில் வந்து நின்றது. அண்ணி மஞ்சள் புடவை கட்டி, ஒரு கையில் மாவிளக்கு மாவும் இன்னொரு கையில் மல்லிகைப் பந்துமாக மேலே வந்தார். மகள் கட்டிலில் கிளிப்போடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பாவாடை சட்டை எடுக்க எழுந்தேன்.

"அத்தை, நீங்க என்னன்னு வேண்டிக்கிட்டீங்க? சரியாச் சொல்லுங்க" என்றாள் மகள்.

"பிள்ளைக்கு நல்லபடியாக் குணமாகணும், குணமாகி முளைக்கிற முடிய உனக்கே தரேன் தாயேன்னுதான் சாமி."

"குணமானாத்தானே?"

"ஆமா கண்ணு."

"எனக்குக் குணமாகலைங்க அத்தை. போட்டுப் பிரயோஜனம் இல்லைன்னுதான் ஊசிய நிறுத்திட்டாங்க. நான் செத்துப்போயிடுவேன். அப்ப முடி எனக்குத்தானே?"

தாயம் விளையாடும்போது காயை வெட்டியது செல்லுமா செல்லாதா என்று நியாயம் கேட்பாளே, அந்தக் குரல். அழுகை இல்லை, கோபமும் இல்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது. அண்ணி தம்பியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அண்ணி மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தார்.

"யாருடி உனக்குச் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லலை. அப்பாதான் எப்பப் பாத்தாலும் குளிக்கப் போயிடுறாங்களே" என்றாள். பிறகு, "தெரியும்னு சொன்னா நீங்க ரெண்டு பேரும் அழுவீங்க. அதான் சொல்லலை" என்றாள். அவளுக்குத் தெரியக்கூடாது என்று நாங்கள் நடித்தோம். எங்களுக்குத் தெரியக்கூடாது என்று அவள் நடித்திருக்கிறாள். எங்களைவிட நன்றாகவே நடித்திருக்கிறாள்.

அண்ணி மாரில் அடித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்து எழுந்து, ஜன்னல் வழியாக டிரைவரிடம், "நீங்க போங்க தம்பி, இன்னைக்கு இல்லை" என்றார். திரும்பி வந்து, "முடி உனக்குத்தான் சாமி. ஆத்தா கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார்.

சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மல்லிகைப் பந்திலிருந்து ஒரு சின்னத் துண்டைக் கிள்ளிக் கிளிப்புக்கு அடியில் செருகினார். அம்மனுக்கென்று வாங்கிய பூ. குட்டிப் பின்னல் போடும் அளவுக்கு அந்த முடி வளரவில்லை, அதற்கு நாள் இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கிளிப் நின்றது, பூவும் நின்றது.

அண்ணி வாரிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து கொட்டியது மகளின் தோளில் விழுந்தது. அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள்:

"அழுதுக்கிட்டே வாராதீங்க அத்தை. வகிடு கோணலாப் போயிடும்."

கோணலாகத்தான் போயிற்று. கலைத்துவிட்டு மறுபடி வாரச் சொன்னாள்.