தலைக்குக் கீழே வைத்த துண்டு

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை வெயிலில், மணலி புதுநகர் பக்கம் ஒரு கிடங்கில் சுமை இறக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று எங்கே ஆள் எடுத்தாலும் போய் நிற்பவன் நான். அன்று வந்தவை பூச்சிமருந்துப் பெட்டிகள்; அதில் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன் மேல் பெட்டியை ஏற்றிக்கொள்வோம். எனக்கு ஜோடி ராயபுரத்துக்காரன் ஒருவன்.

பதினொரு மணி இருக்கும். அவனுக்கு வேர்வை கொட்டியது. வாயில் எச்சில் வழிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மேஸ்திரி சிரித்தார்.

"இன்னா நைனா, காத்தாலயே ஊத்திகினு வந்துட்டியா?"

"இல்ல மேஸ்திரி, கண்ணு மங்கலா கீது. மூச்சு வுட முடில."

குடித்தவன் கண்ணை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவன் கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு, கடுகை விடச் சிறுத்துப் போயிருந்தது. மேஸ்திரியிடம் பேசி நேரத்தைக் கழிக்காமல், அவனுடைய துண்டையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்ததுமே, "பூச்சிமருந்தா?" என்று கேட்டார். உடுப்பைக் கழற்றி, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அட்ரோபின் என்று ஒரு ஊசி; சில நிமிடங்களில் மறுபடியும் அதே ஊசி.

"நரம்பு ஒரு தடவை சொன்னா உடம்பு ஒரு தடவை கேக்கணும். இந்த விஷம் அதை நிக்கவே விடாது. எச்சில், வேர்வை, நெஞ்சுல நீர் எல்லாம் சுரந்துகிட்டே இருக்கும். ஊசி அதை அடைக்குது. நெஞ்சு காஞ்சாதான் பிழைப்பான்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வேர்வை நின்றது. நாடி ஏறியது. நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால், மறுபடியும் எச்சில், மறுபடியும் நெஞ்சில் கொறகொற சத்தம். டாக்டரம்மா முகம் சுருங்கியது. "போட்ட ஊசிக்கு இது நின்னிருக்கணுமே. இன்னும் எங்கிருந்தோ விஷம் ஏறுது" என்றார்.

அவன் கழுத்தைத் துடைக்கக் குனிந்தேன். காலையில் ஒழுகிய பெட்டியின் அதே நாற்றம், மண்ணெண்ணெயும் பூண்டும் கலந்த மாதிரி. கட்டிலில் தலையணை இல்லையே என்று, பையிலிருந்த அவன் துண்டை மடித்து நான்தான் தலைக்குக் கீழே வைத்திருந்தேன். ஈரமாக இருந்ததை வேர்வை என்று நினைத்துவிட்டேன்.

உருவி எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டினேன்.

"யாருப்பா இதை வச்சது?"

"நான்தான்கா."

திட்ட அவருக்கு நேரமில்லை. தலையை மழித்து மறுபடியும் கழுவினார்கள். ஊசி தொடர்ந்தது. சாயங்காலம் அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, "வாயி காஞ்சு போச்சு மாமு, தண்ணி குடு" என்றான். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு கூலி வாங்கியதில்லை.

நடந்த கதையைக் கேட்டதும் மொட்டைத் தலையன் சொன்னான்: "சாவடிக்கவும் நீ, காப்பாத்தவும் நீயா? நல்ல தோஸ்துடா."

இன்றும் அவன் மூட்டை தூக்குகிறான். அன்று அந்தத் துண்டை யாருக்கும் தெரியாமல் பைக்குள் திணித்திருக்கலாம். "நான்தான்" என்று சொல்ல வாய் வந்ததே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் நெஞ்சு நிமிர்கிறது.