அறுபத்துமூன்று டிகிரி பெண்டு

பதினோரு வருடமாகக் குழாய் வரைகிறேன். நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில். ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதை முழுசாகத் திரையில் கட்டிப் பார்க்க சாஃப்ட்வேர் இருக்கிறது. தூண், பீம், சுவரெல்லாம் வேறு ஆட்கள் வைப்பார்கள். குடிதண்ணீரும் கழிவுநீரும் போகிற குழாய்கள் என் பொறுப்பு. யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘டிசைன்’ என்பேன். பிளம்பிங் என்று சொல்ல வாய் வராது. இந்தத் திமிரை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நான் நடந்துகொண்ட விதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

குழாய் திரும்புகிற இடத்தில் போடுகிற வளைவுத் துண்டை பெண்டு என்பார்கள். திரையில் அதை நாமே செய்துகொள்ளலாம். நடுப்புள்ளியிலிருந்து ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒரு எண்ணாக வைத்து, குழாயின் வளைவை அதோடு கட்டிவிட வேண்டும். பிறகு முப்பது என்று அடித்துப் பார்ப்போம், அறுபது, தொண்ணூறு. எந்த எண்ணைக் கொடுத்தாலும் உடையாமல் வளைந்தால் பெண்டு தயார். இதில் நான் கெட்டிக்காரன். நான் செய்த பெண்டைத்தான் ஆபீஸ் முழுக்க எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். குழாய்கள் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திரும்பலாமா, குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டுமா? கடையில் கிடைக்கிற கோணங்களை மட்டும் டிக் செய்து வைப்பதுதான் முறை. அப்படிச் செய்தால் இழுத்த இழுப்புக்குக் குழாய் வராது. ஒட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும், எரர் காட்டும், வரைந்ததை அழித்துத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. திரையில் கட்டிய மாடலை மறுநாள் காலை அனுப்ப வேண்டும். திருப்பத்துக்கு ஒரு எரர். சீ போ என்று ஆகிவிட்டது. ‘எந்தக் கோணமும்’ என்பதைத் தட்டினேன். அத்தனை குழாயும் சமர்த்தாக ஒட்டிக்கொண்டன. “ஒரு எரர்கூட இல்லியேப்பா!” என்று மானேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. ரேடியல் ரோடில், கீழ்க்கட்டளை சிக்னலுக்கு முன்னால், பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பேசியவர் அந்தத் தாம்பரம் சைட்டின் பிளம்பர். என் வயதுதான் இருக்கும். முன்பு நான் சைட்டுக்குப் போனபோது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்.

“சார், பார்க்கிங்குக்கு மேல போற லைன்ல அறுவத்திமூணு டிகிரி பெண்டு போட்டுகீறீங்களே, அது எந்தக் கடைல கெடைக்குது? சொன்னீங்கன்னா போய் வாங்கியாந்துர்றேன்.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து சுர்ரென்று கோபம் வந்தது. அவர் கிண்டல் செய்யவில்லை. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். எல்லாக் கடையிலும் நாற்பத்தைந்து இருக்கிறது, தொண்ணூறு இருக்கிறது. அறுபத்துமூன்று என்றதும் சிரித்திருக்கிறார்கள்.

சிக்கல் இதுதான். என் மாடலைப் பார்த்து, கான்கிரீட் போடும்போதே பீமில் குழாய் நுழைய ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். அறுபத்துமூன்று டிகிரி திரும்பினால்தான் குழாய் நேராக அந்த ஓட்டைக்குப் போகும். நாற்பத்தைந்தோ தொண்ணூறோ போட்டால் ஓட்டை ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம்.

“நெருப்புல காட்டி வளைச்சுடலாம் சார். ஆனா ரெண்டு வருஷத்துல ஒழுகும். மேல் வூட்டு கக்கூஸ் தண்ணி கீழ கீற கார் மேல சொட்டும். நான் அத்த செய்யமாட்டேன்.”

பஸ்ஸில் நெரிசல். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். “ஏதாவது பண்ணிக்கோங்கண்ணா. பீம்ல மட்டும் கை வெச்சிடாதீங்க” என்றேன்.

“அப்போ பீமுக்குக் கீழ எறக்கி எடுத்துகினு போவட்டா?”

“போங்க போங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. வீட்டுக்குப் போய் இறங்குவதற்குள் மறந்தும்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து சைட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கன்டெய்னர் பெட்டியை ஆபீஸாக்கியிருந்தார்கள். கட்டடச் சொந்தக்காரர்களின் இன்ஜினியர், எங்கள் மானேஜர், பிளம்பிங் கான்ட்ராக்டர், நான் என்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். அந்த பிளம்பர் கதவோரம் நின்றார். காலி நாற்காலி ஒன்று கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, நானும்தான். பார்க்கிங்குக்குள் கார் இறங்குகிற சரிவுக்கு நேர் மேலே குழாய் தாழ்ந்து வந்திருந்தது. உயரமான வண்டி வந்தால் தலையில் இடிக்கும். இன்ஜினியர் டேப் வைத்து அளந்துவிட்டுக் கொதித்துப்போய் வந்திருந்தார்.

“யாரக் கேட்டுய்யா பீமுக்குக் கீழ எறக்கின?”

“சாரைத்தான் கேட்டேன்” என்று பிளம்பர் என்னைக் காட்டினார்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பின. அந்த வருடம் எங்கள் ஆபீஸில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின வாரம்தான் எனக்குப் பக்கத்துச் சீட்டு காலியானது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பஸ், சிக்னல், ‘போங்க போங்க’ எல்லாமே.

“எனக்கு அப்படி ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே” என்றேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கும் அந்த இரண்டாவது வாக்கியம் நினைவுக்கு வரும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பையில் போன் இருந்தது தெரிந்தது. எடுத்து, என் நம்பரை, பேசின தேதியை, நேரத்தைக் காட்டியிருந்தால் நான் தீர்ந்தேன். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

“சரி சார். நாந்தான் தப்பா எடுத்துகினேன் போல” என்றார்.

கான்ட்ராக்டர் அங்கேயே, எல்லார் முன்னாலும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதே குடியிருப்பின் அடுத்த பிளாக்கில் குழாய் வேலையை முழுசாக அவர் பொறுப்பில் விடுவதாக இருந்தார்களாம். தனியாக ஆள் வைத்து அவர் செய்யப்போகிற முதல் வேலையாம் அது. திரும்பும்போது காரில் மானேஜர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வழியில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் அந்த ஃபைலைத் திறந்தேன். கட்டடத்திலுள்ள பெண்டுகளின் பட்டியலைக் கோணத்தோடு எடுத்தேன். 63, 52, 71, 38, மறுபடியும் 52. பாதிக்குமேல் எந்தக் கடையிலும் இல்லாதவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற எல்லாவற்றையும் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல், ஒட்டி, வெட்டி, தள்ளிப்போட்டுச் சமாளித்திருக்கிறார். எப்படியும் முடியாத ஒன்றுக்குத்தான் எனக்கு போன் செய்திருக்கிறார். கோணங்களைச் சரியாக டிக் செய்து ஃபைலை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னார்கள். நானும் சத்தமாகச் சொன்னேன். கூட்டத்தோடு சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒத்தை ஆளாக ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது. போன் செய்தேன். “வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைல இருப்பேன், வாங்க சார்” என்றார், ஏன் என்று கேட்காமல்.

சந்தையில் பழைய குழாய்ச் சாமான் கொட்டி வைத்திருந்த ஒரு தார்ப்பாய் முன்னால் குந்தியிருந்தார். வீட்டு வீடாகப் போய் ஒழுகுகிற குழாய் மாற்றிக்கொண்டிருக்கிறாராம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குவியலிலிருந்து ஒரு பெண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு பெண்டைக் கையில் எடுப்பது அதுதான் முதல் தடவை.

“அண்ணா, அன்னிக்கு நீங்க போன் பண்ணினது எனக்கு ஞாபகம் இருந்துச்சு” என்றேன்.

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் போனை எடுத்துக் காட்டல?”

அவர் ஒரு பழைய தண்ணீர் டேப்பைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எடுக்கலாம்னுதான் கைய வெச்சேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். அழுதுருவீங்க போல இருந்துச்சு. எனக்கு இன்னா சார், இந்த சைட் இல்லாங்காட்டி நாலு வூடு. எங்க போனாலும் குழாய் ஒழுகிகினுதான் கீது. உங்களுக்கு அந்த ஆபீஸ் சேரை வுட்டா வேற எதுவும் தெரியாதேன்னு தோணுச்சு. பாவமா பூட்ச்சு.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த ‘பாவம்’ என்னைக் கொன்றுவிட்டது. அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. அங்கேயே நின்று, அன்றைக்கு அந்தக் கன்டெய்னரில் இருந்த எல்லோருக்கும் சேர்த்து போனிலேயே மெயில் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அவருக்குத் தமிழில் சொன்னேன். கடையில் கிடைக்காத பெண்டைப் போட்டது நான். அவர் போன் செய்து கேட்டார். கீழே இறக்கச் சொன்னது நான். மீட்டிங்கில் பொய் சொன்னேன்.

“பொய்யின்னுலாம் போடணுமா சார்? மறந்துட்டேன்னு போட்டுக்கோங்களேன்” என்றார்.

“இல்லண்ணா” என்று அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை மானேஜர் கூப்பிட்டார். அவர் மேசை முன் போய் நின்றேன். என் மேசைப் பொருட்களை எப்படி ஒரே பையில் எடுத்துப்போவது என்றுகூட யோசித்திருந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முடிஞ்சதப் போய் எதுக்குக் கிளறுற? இனிமே கவனமா இரு” என்றார். பிறகு அடுத்த வாரம் தொடங்கவேண்டிய வேறொரு கட்டடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இன்ஜினியரிடமிருந்து பதிலே இல்லை. கான்ட்ராக்டரிடம் நானே பேசினேன். அடுத்த பிளாக்குக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார். எதற்குப் பயந்து ஒரு மனிதரின் வேலையைத் தின்றேனோ, அந்தப் பயத்துக்கு அஸ்திவாரமே இல்லை. மீட்டிங்கிலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் எனக்கு இதேதான் நடந்திருக்கும்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். பிளாக் கைவிட்டுப் போய்விட்டதைச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

“அத்த வுடுங்க சார், ஆள் போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். மெயில் பாத்துட்டு உங்கள எதுனா சொன்னாங்களா? வேலைக்கு ஒண்ணும் ஆவலியே?”

“திட்டுகூட விழலண்ணா” என்றேன்.

“அப்பாடா” என்றார். “மூணு நாளா எனக்கு அதான் ரோதனையா இருந்துச்சு.”