புகைக்குடிசைக்கு வாக்கப்பட்டவள்

ஊருக்கு மிசாவோ தொகுஜியின் மனைவி. உண்மையில் அவள் வாக்கப்பட்டது புகைக்குடிசைக்குத்தான். எங்கள் அகிதா மலைப்பக்கம் நவம்பரிலேயே பனி கொட்டும், முள்ளங்கி வெயிலில் காயாது. விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஓக் கட்டை மூட்டி நாலு நாள் புகை போட்டுத்தான் ஊறுகாய்க்காகத் தவிட்டில் ஊறவைப்போம். தணல் அணைந்தால் காய் உறைந்துபோகும். கொழுந்துவிட்டால் வெந்து பொத்தென்று விழும். முப்பத்தொரு வருஷமாக அந்தத் தணலோடு மல்லுக்கட்டுகிறவள் அவள் ஒருத்தி. மகள் சியாகியின் கல்யாணத்தில்கூட விருந்துக்கு முன்பே எழுந்து ஓடிவந்தாள்.

இந்த டிசம்பரில் சியாகிக்குத் தலைப்பிரசவம், தூரத்துச் செண்டாய் நகரத்து ஆஸ்பத்திரியில். "ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கம்மா, பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் உள்ள போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும்" என்று போனில் அழுதாள்.

தொகுஜி பெரிய மனது பண்ணினான். "போயிட்டு வா. ஒரு நாள் தணலப் பாத்துக்க எனக்குத் தெரியாதாக்கும்?"

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தாள். மூன்று முறை தலைக்குக் குளித்திருந்தாள்.

"அக்கா, மோந்து பாருங்க. புகை வாடை அடிக்குதா?"

"உன்னையும் தவிட்டுல போட்டா நல்ல விலைக்குப் போவடி" என்றேன். சிரித்தாள். சிரித்தபடியே குடிசை இருக்கும் மேட்டைப் பார்த்தவள் முகம் வெளுத்தது.

"அக்கா, குடிசையில புகையக் காணோமே! தணல் போச்சு!"

"எக்கேடோ கெட்டுப் போகட்டும், பஸ் வருது, ஏறு!" பையைப் பிடித்து இழுத்தேன். பையை என் கையிலேயே விட்டுவிட்டுப் பனியில் ஓடினாள். அந்தப் பஸ்ஸை விட்டால் செண்டாய் ரயிலைப் பிடிக்க வழியே இல்லை.

மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். குடிசைக்குள் நல்ல உடுப்போடு தணல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தணலுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். சூடு வெளியே போகிறதே என்று அந்த அறிவுக்கொழுந்து தொகுஜி, புகை போகும் கூரைத் திறப்பில் சாக்கைத் திணித்து அடைத்திருக்கிறான். புகையெல்லாம் என் கடையிலிருந்து தெரியாத பின்வாசல் வழியாகப் போயிருக்கிறது.

"நல்லதுன்னுதான் செஞ்சேன். இவள யாரு திரும்பி வரச் சொன்னா?" என்று வாசலில் நின்று இருமினான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன்.

போன் அடித்தது. மிசாவோ அதை என்னிடம் நீட்டினாள். நான்தான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

"அம்மா, என்னை உள்ள கூட்டிட்டுப் போறாங்க. எங்க இருக்க? ஆஸ்பத்திரிக்குக் கீழ வந்துட்டியா?"

இவள் வாயைத் திறப்பதற்குள் தணலில் கட்டை ஒன்று படீரென்று வெடித்தது. சியாகி பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

"ஓ" என்றாள் சியாகி. "சரிம்மா. நான் போறேன்."

போன் அணைந்தது. மிசாவோ என்னைப் பார்த்தாள்.

"ஒரு வாளித் தண்ணிய இதுல ஊத்திடட்டுமாக்கா?"

"ஊத்துடி!" என்று கத்தினேன்.

வாளியைத் தூக்கினாள். தணல்மேல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, வெடித்த கட்டையை உள்ளே தள்ளினாள்.