கடல்பக்க முற்றத்துப் பந்தல்

புதுக் கூரையின் கீழ் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த அப்பா, தலையை நிமிர்த்தி நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான். இங்கன நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"சும்மா இருக்கணும்," என்றாள் அம்மா. அதற்காகத்தான் அந்தக் கூரையே.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்பா தோணித் தண்டல். சரக்கேற்றிய பாய்மரத் தோணியைக் கொழும்புக்கு ஓட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறவர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டபின், இனிக் கடலுக்குப் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ அறைக்குள் அடங்கவில்லை. காப்பி ஆறுமுன் எழுந்து, தோணிகள் நிற்கும் திரேஸ்புரம் கரைக்குப் போய்விடுவார். அங்கே யாராவது ஒரு நடை கொழும்புக்குப் போகக் கூப்பிட்டால் ஏறிவிடுவார் என்பது அம்மாவின் பயம். கடல்பக்க முற்றத்தில் நிழல் இருந்தால், தோணிகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருப்பார் என்று நினைத்தாள்.

மகளான நான் பாலிடெக்னிக் முடித்து, புதுத் துறைமுக வேலையில் வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தேன். பந்தல் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த வேலையையும் ஒன்று, இரண்டு என்று பிரித்துக்கொண்டால்தான் எனக்கு மனம் அமைதியாகும். தூண்களுக்கு வைரம் பாய்ந்த பனை. அடியில் தார் பூசி, கான்கிரீட்டில் நிறுத்துவது. மேலே என்ன போடுவது என்பதில்தான் நாட்கள் ஓடின. ஓலையை ஆடிக் காற்று பிய்த்துவிடும். தகரத்தை உப்பு தின்றுவிடும், வெக்கையும் இறங்கும். ஓட்டின் கனத்துக்குச் சட்டங்கள் பருமனாக வேண்டும். கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு என்று முடிவு செய்தேன். மழைத்தண்ணீர் வடியச் சரிவு, கொக்கி போல்ட்டு, அதற்கு வாஷர் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஆசாரியைக் கொண்டு ஏற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. காற்றில் ஒரு முனகல்கூட இல்லை.

அப்பா அதன் கீழ் ஒரு பகல் இருந்தார். எழுந்தார், தூண்களைச் சுற்றினார், உட்கார்ந்தார், கம்பால் சீட்டைத் தட்டிப் பார்த்தார். மறுநாள் கரைக்குப் போய்விட்டார்.

சில நாள் பொறுத்த அம்மா, ஆசாரியை அழைத்துச் சீட்டுகளைக் கழற்றச் சொன்னாள். எனக்குக் கோபம். என்ன குறை என்று கேட்டேன்.

"ஏளா, ஒரு கொறையும் இல்ல. அதான் அவருக்கு இருப்புக் கொள்ளல."

தோணியில் கழித்துப் போட்ட பழைய பாய் ஒன்றை வாங்கிவந்து அப்பாவின் முன் போட்டாள். அவர் அதை வெட்டி, விளிம்பு மடித்துத் தைத்து, கப்பியும் கயிறும் கோத்துத் தூண்களுக்கு மேலே ஏற்ற ஆயத்தமானார்.

"ஏலே, அது மாட்டுக்குப் போடுத முடிச்சு," என்று உதவிக்கு நின்ற ஆசாரியை விரட்டினார்.

"அண்ணாச்சி, நான் கட்டில் செய்யுதவன். தோணியப் பாத்தாலே எனக்கு வாந்தி வரும்."

காற்று இழுக்கும் இழுப்புக்குத் தூண்களிடையே குறுக்குச் சட்டம் சேர்க்காமல் பாயை ஏற்றவிட மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சேர்த்த பிறகே பாய் ஏறியது.

அதன்பின் வெயில் நகர நகர அப்பா பாயைத் திருப்பினார். மேல்காற்று எழுந்தால் இறக்கினார், தணிந்தால் ஏற்றினார். நிழல் ஓரிடத்தில் நிற்காததால் நாங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் அலைந்தோம். அவருடைய அதட்டல் தெருமுனைவரை கேட்டது. ஆனால் கரைக்குப் போவது குறைந்தது. இன்று யாராவது வீட்டுக்கு நிழல் போட வரைபடம் கேட்டு வந்தால், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்குமுன், அதன் கீழ் இருக்கப்போகிறவர் யார் என்று கேட்கிறேன்.

ஒருநாள் தோணிக்காரர் ஒருவர் வந்தார். "நம்ம தண்டல் காய்ச்சல்ல கெடக்கான் அண்ணாச்சி. ஒரே ஒரு நட. நாளக்கிக் காலையில பொறப்படணும்."

அப்பா கயிற்றை விடாமல், "பாப்போம்," என்றார். அப்பா பாப்போம் என்றால் சரி என்று அர்த்தம். அது அம்மாவுக்கும் தெரியும்.

மத்தியானம் அப்பா உறங்கும்போது முற்றத்துக்குப் போனேன். பாய் இறங்கிக் கிடந்தது. அம்மா அதன் விளிம்பை மடியில் போட்டுக்கொண்டு, பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை.

"ஏளா, பேசாம இரு. கிழிஞ்ச பாயப் போட்டுட்டு எந்தத் தண்டலும் கரைய விட்டுப் போமாட்டான்."

மறுநாள் காலையில் அந்தத் தோணி வேறொரு தண்டலோடு பாய் விரித்துப் போனது. அப்பா முற்றத்தில் கால்நீட்டி உட்கார்ந்து, கோணூசியும் கையுமாக, இதைத் தைத்தவன் எவன் என்று திட்டிக்கொண்டிருந்தார். தைத்தவர் அவரேதான். பக்கத்தில் அம்மா அடுத்த ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.