கையைப் பார்த்த மிஸ்

அந்த மிஸ்ஸை நான் கடைசிவரை நம்பவில்லை. பல்கலைக்கழகத்தில் எங்கள் கல்வி ஆலோசகர் அவர். மெலிந்த உருவம், சாம்பல் நிற ஹபாயா. யார் அறைக்குள் போனாலும் முதலில் கைகளைத்தான் பார்ப்பார். பொய்யைக் கண்டுபிடிக்கிற வழி அது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இரண்டாம் வருடம் விரிவுரைகளுக்கு என் வரவு போதவில்லை. பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்ற பயத்தில், காய்ச்சல் என்று டொக்டரிடம் ஒரு மெடிக்கல் சான்றிதழ் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். உண்மையில் வராத நாட்களில் நிந்தவூரில் எங்கள் வயலில் நின்றிருந்தேன். சேற்றில் அறுவடை மெஷின் இறங்கவில்லை. நானும் வாப்பாவும் நெல்லைக் கையால் வெட்டினோம்.

என் கையிலிருந்த கீறல்களைப் பார்த்தார். "வேளாண்ம வெட்டி முடிஞ்சா?"

"ஓம் மிஸ்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மெடிக்கலைத் திருப்பித் தந்தார். "இது வேணாம். நடந்தத எழுதி, வாப்பாட கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க. நான் டீனோட கதைக்கிறன்."

எழுத்தில் மாட்டிவிடப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். மூன்று நாள் இழுத்தடித்துத்தான் கடிதத்தைக் கொடுத்தேன். பரீட்சை எழுத விட்டார்கள். ஆனாலும் அந்தக் கடிதம் எப்போது எனக்கெதிராக வெளியே வரும் என்று, பட்டம் வாங்கும்வரை பயந்துகொண்டே இருந்தேன்.

இப்போது நானும் ஆலோசகர். மெடிக்கல் நீட்டுகிறவர்களின் கையைத்தான் முதலில் பார்க்கிறேன். நான் பொய்யைத் தேடுகிறேன். அவர் எதைத் தேடினார் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.