எள் வறுக்க ஒரு மூக்கு

கறுப்பு எள் கருகினால் கண்ணுக்குத் தெரியாது. அது ஏற்கெனவே கறுப்பு. மூக்குக்குத்தான் தெரியும்.

மயிலாப்பூரில் திவச வீடுகளுக்குச் சமைக்கிறவன் நான். இறந்தவரின் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எழுந்திருக்கும்வரை சமைத்தவன் ஒரு பருக்கையைக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. பதமெல்லாம் ஆவியில்தான் தெரிய வேண்டும். முகரவும் கூடாது என்பார்கள் ரொம்பக் கண்டிப்பானவர்கள். ஆவி தானாக வந்து ஏறினால் நான் என்ன செய்வது?

அன்று ஏறவில்லை. எள் படபடவென்று பொரிந்தது, வாசனை வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டு டிவி பார்ப்பதுபோல் இருந்தது. எள்ளுருண்டை விஷமாகக் கசந்தது.

கணவரின் திவசம் முடிந்ததும் அந்த வீட்டு மாமி தணிந்த குரலில் கேட்டார்: "ஏன் மாமா, இந்த வருஷம் அவர் கோவிச்சுண்டுட்டாரா?"

"கோபம் அவருக்கில்லை மாமி, என் மூக்குக்கு" என்றேன். மாமி சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளே சிரிப்பில்லை. மூக்கு போனால் என் தொழில் போயிற்று.

ஆழ்வார்பேட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். அலர்ஜிக் ரைனிட்டிஸ் (ஒவ்வாமையால் மூக்கின் உட்சவ்வு வீங்குவது). காலைத் தும்மலுக்கான பழியை நான் சமையல் பொடியின் மேலும் பனியின் மேலும் போட்டு வந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, அடைப்புக்கென்று கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொண்ட சொட்டு மருந்து. சில நாட்களுக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்குமாம்.

"அதை இன்னியோட நிறுத்துங்க. ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதறேன்" என்றார்.

ஸ்டீராய்டா! கழுத்தே தெரியாத பயில்வான்கள் கண்முன் வந்து நின்றார்கள். "டாக்டர், புஜம் பெருத்து என் பூணூல் அறுந்துடாதே?"

"இது மூக்குக்குள்ள மட்டும் வேலை செய்யற அளவு. உடம்புக்குள்ள போறது ரொம்பக் கொஞ்சம். புஜம் வேணும்னா நீங்க வேற எடம் பாக்கணும்."

இரண்டு பெயர் சொன்னார்: ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன். "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான் செய்யும். நான் எழுதற ஃப்ளூட்டிகசோன்ல லேசா பூ வாசனை வரும், இன்னொண்ணுல வராது. விடாம தினமும் எதை அடிச்சுப்பீங்களோ அதை வாங்கிக்குங்க."

மருந்துக்கடையில் இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் புரட்டினேன். கடைக்காரர் பொறுமை இழந்தார். "இன்னா சாமி, பொண்ணா பாக்குற? ரெண்டுத்துல ஒண்ண எட்த்துக்கினு போவியா!"

"என்னைப் பாக்க வந்தப்போகூட இவ்வளவு யோசிக்கலை" என்றாள் கூட வந்த என் மனைவி.

பூ வாசனையையே எடுத்தேன். பூ மணக்கும் அன்று மூக்கு வந்துவிட்டதாக அர்த்தம் என்பது என் கணக்கு.

உங்களுக்கும் இதை எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்று சொல்கிறேன். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடியுங்கள். முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் வரும். பொடி போடுகிறவன்போல் உறிஞ்சாதீர்கள். பலன் தெரிய நாளாகும். நான் முதல் நாளே கண்ணாடிமுன் நின்று புஜத்தை அளந்தவன். எனக்கே பொறுமை வந்தது.

அந்த நாட்கள் விசித்திரமானவை. மனிதர்களுக்கு முன்னால் அவர்களுடைய வாசனை வருகிறது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. காப்பியோடு மனைவி பக்கத்தில் முளைப்பாள். அலறுவேன்.

"ஏன் இப்படிக் கத்தறேள்? நான் என்ன பேயா?"

நீ இல்லை, நான்தானோ என்று யோசிப்பேன். பித்ருக்கள் வாசனையை எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிடுவார்கள் என்பது நம்பிக்கை. நான் சோற்றைத் தின்றுவிட்டு வாசனையை விட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் யார் செத்தவர்?

ஒரு நாள் பயம் தாங்காமல் சாந்தோம் கரைக்குப் போய், கருவாடு காயும் இடத்தில் நின்று மூச்சை இழுத்தேன். கருவாட்டுக்காரம்மா என் குடுமியைப் பார்த்தார். "இன்னா சாமி, வழி மாறி வந்துட்டியா?"

"வாசனை மட்டும் போதும்மா."

"அதுக்கு துட்டு இல்ல, நல்லா மோந்துக்க!"

மோந்தேன். கடல் இருந்தது, மீன் இருந்தது, சிரிக்கிற மனுஷி இருந்தார். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

பிறகொரு காலை, பூ வைக்காத கூடத்தில் திடீரென்று ரோஜா மணந்தது. மயிர்க்கூச்செறிந்தது. "யாரோ வந்திருக்கா!" என்று கிசுகிசுத்தேன்.

"மூக்குல அடிச்சுண்டு அஞ்சு நிமிஷம் ஆகலை, யாரோ வந்திருக்காளாம்!" என்றாள் மனைவி. அப்புறம் அவள் முகமும் மாறியது. "வாசனை தெரியறதா?"

தெரிந்தது. ஆனால் காலையில் அடித்துக்கொண்டு எள் வறுத்தால் எள்ளிலும் ரோஜா. தொழிலுக்கு ஆகாது. மருத்துவரிடம் கேட்டு மொமெட்டசோனுக்கு மாறினேன். அது எதையும் சொல்லாமல் வேலை செய்தது.

பிறகுதான் அடையாறில், என் மூக்குக் கதை தெரிந்த ஒரு வீட்டில் திவசம் ஒப்புக்கொண்டேன். எள் பொரிந்தது. வாசனை ஏறியது. சரியான நொடியில் வாணலியை இறக்கினேன்.

உருண்டை பிடிக்கும்போது பின்னால் அப்பா வந்து நின்றார். பழைய வேட்டியும் வேர்வையும் ஓமமும் கலந்த அவருடைய வாசனை. அவர் போய் வெகுகாலம் ஆகிறது. திரும்பினேன். யாருமில்லை. நகர்ந்தேன், கூடவே நகர்ந்தது. முகம் துடைக்கத் துண்டை எடுத்தபோது இன்னும் நெருங்கியது.

என் துண்டு. என் வேர்வை. மூக்கில்லாத மாதங்களில் என் உடம்பு என்னிடம் சொல்லாமல் வயதாகி அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மாமா, மறுபடியும் வாசனை போயிடுத்தா?"

"இல்லை, வந்துடுத்து. கொஞ்சம் அதிகமாவே."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மிச்ச உருண்டைகளை அப்பாவும் நானுமாகப் பிடித்து முடித்தோம்.