கழுத்தைப் பார்க்கப் போன இடத்தில்

அந்த வெல்டருக்குப் பட்டறையில் ‘பொறி’ என்று பெயர். கோபம் பொசுக்கென்று வரும், அதைவிடச் சீக்கிரம் அணைந்துவிடும். அவரும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் வேறு துணை இல்லை.

ஒருநாள் வேலை நடுவே அவருடைய இடது கண்ணில் மேலிருந்து திரை இறங்கியதுபோல் இருட்டியது. தேநீர் ஆறுவதற்குள் தெளிந்துவிட்டது. வெல்டருக்குக் கண்ணில் எது வந்தாலும் பழி நெருப்பு வெளிச்சத்தின் மேல்தான். முகமூடிக் கண்ணாடியை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அடுத்த தடவை இருட்டியபோது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பார்த்துவிட்டாள்.

“தட்டுல எந்த வெல்டிங்டா நடக்குது?” என்றாள். கையைக்கூட முழுசாகக் கழுவவிடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கண்ணை விட்டுவிட்டுக் கழுத்தில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடது பக்க ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்திருந்தது.

“அடைப்பு பாதிகூட இல்ல. ஆனா அளவை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. படிவு உள்ளே மெத்துனு இருந்து, மேல்தோல் மெல்லிசா இருந்தா பிச்சுக்கும். இதுவரைக்கும் சின்னத் துணுக்கு கண்ணுக்குப் போயிருக்கு. பெரிசா மூளையோட இடது பக்கத்துக்குப் போனா வலது கை விழும், பேச்சும் போகலாம். அது எந்த மாதிரி படிவுன்னு எம்.ஆர்.ஐ.ல பாத்துடுவோம். மெத்துன்னா ஆபரேஷன்தான்.”

வெல்டிங் கோலைப் பிடிக்கும் கை வலது கைதான். ஸ்கேனுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

“என்னடா, கணக்குப் போடறியா?”

“கை என்கிட்டதான் இருக்கான்னு பாத்தேன்.”

அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, “இருக்கு, இருக்கு. சட்டைப் பித்தானைப் போடு” என்றாள்.

ஸ்கேன் அறைக் கதவருகே பணியாளப் பெண் கேட்டாள். “உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது இருக்குங்களா? தகடு, ஸ்குரூ?”

“ஒண்ணுமில்லம்மா.”

“கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் பட்டிருக்கா?”

“இல்லம்மா.”

வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. சமைக்கிறவர்கள் கையில் தெறித்த எண்ணெயை யாரிடமும் சொல்வதில்லை, அப்படித்தான். அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“ஏண்டா டேய்! பட்டறையில கிரைண்டர்ல இரும்பைத் தேய்க்கறப்ப கண்ணுல தூள் பட்டு, உன் கூட்டாளி காந்தத்தை வெச்சு எடுக்கலே? நான்தானே சொட்டு மருந்து ஊத்தினேன்?”

“அதான் எடுத்தாச்சே அக்கா! தினம் பறக்கற தூசியை எல்லாமா சொல்லுவாங்க?”

பணியாளப் பெண் கதவைச் சாத்திவிட்டாள். “ஐயா, உள்ளே இருக்கிறதே பெரிய காந்தம். தூள் மிச்சம் இருந்தா அது இழுக்கும், கண்ணே போயிடும்.”

உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கண்குழியின் ஓரத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. பொறிக்குக் கூட்டாளி மேல் கோபம் பொசுக்கென்று வந்தது.

“எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சத்தியம் பண்ணினானே, அந்தப் பாவி!”

எம்.ஆர்.ஐ. வேண்டாம், சி.டி. ஸ்கேன் போதும் என்றார் டாக்டர். அதில் காந்தம் கிடையாது. படம் தெளிவாக விழுவதற்காக நரம்பில் மருந்து ஏற்றும்போது, “உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்படாதீங்க” என்றாள் அந்தப் பெண்.

“நான் வெல்டர்ம்மா. இதெல்லாம் ஒரு சூடா?” என்றார். கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “நல்லவேளை. படிவு சுண்ணாம்பா இறுகியிருக்கு, வெடிப்பு எதுவும் தெரியல. இப்போதைக்குக் கத்தி வேண்டாம். மாத்திரையை விடக்கூடாது, சிகரெட்டைத் தொடக்கூடாது. மறுபடி இருட்டினா அடுத்த நிமிஷம் இங்க வரணும். அந்தக் கண்ணுத்தூளை அப்படியே விட்டுடலாம். இனிமே எங்க ஸ்கேன் எடுத்தாலும் முதல்ல அதைச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் அக்கா கையை நீட்டினாள். சிகரெட் பெட்டி மறுபேச்சில்லாமல் அந்தக் கைக்குப் போனது. அவள் அதைக் குப்பைத்தொட்டியைத் தேடிப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் கிரைண்டரைத் தொடுமுன் பொறி கண்ணைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினார். கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான்.

“என்ன பொறி, பொண்ணு பாக்கப் போறியா?”

“சிரிடா, சிரி. உன் காந்த வைத்தியத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கிறேன்.”

வெல்டிங் கோலை வலது கையில் எடுத்தார். விரல்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.